அண்டக் கதிர்களுக்கு வெடித்த விண்மீன்கள் எந்த அளவு பொறுப்பு?

2013 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, வானியற்பியலாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு வளைவை வரைந்து காட்டியது. ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களிலிருந்து, அதாவது வெடித்த விண்மீன்களின் மிச்சங்களிலிருந்து, வரும் காமாக் கதிர்களின் நிறமாலை அது. ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி நான்கு ஆண்டுகள் சேர்த்த தரவு. சுமார் 200 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வளைவு செங்குத்தாகச் சரிந்தது. அவ்வளவுதான் செய்தி. ஆனால் அந்தச் சரிவு புரோட்டான்களின் கைவரிசை என்பதால், அண்டக் கதிர்களின் பிறப்பிடம் தெரிந்துவிட்டது என்ற தொனியில் பத்திரிகைகள் எழுதின. அண்டக் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டு அப்போதுதான் நூறாண்டு முடிந்திருந்தது. 'நூற்றாண்டுப் புதிர்' என்று தலைப்பிட வசதியாகவும் இருந்தது.

கட்டுரையில் தவறில்லை. அந்த வளைவிலிருந்து எதையெல்லாம் பெறலாம் என்று நாம் எண்ணிக்கொண்டதில்தான் கோளாறு. சூப்பர்நோவா எச்சங்கள் புரோட்டான்களை முடுக்குகின்றன என்பது ஒரு கூற்று. நம் விண்மீன் மண்டலத்தின் அண்டக் கதிர்கள் எல்லாம், அவற்றின் உச்ச ஆற்றல் வரைக்கும், அங்கிருந்துதான் வருகின்றன என்பது வேறொரு கூற்று. முதலாவதற்குச் சான்று கிடைத்தது. இரண்டாவதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்குப் பின் வந்த அவதானிப்புகளில் சில அதற்கு எதிராகவே நிற்கின்றன.

கதை பலூனில் தொடங்குகிறது. 1912 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஆஸ்திரிய இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் ஹைட்ரஜன் பலூனில் 5,300 மீட்டருக்கு மேல் ஏறினார். காற்றை மின்னூட்டம் பெறச் செய்யும் கதிர்வீச்சு தரையிலிருந்து வருகிறது என்றால், மேலே போகப் போக அது குறைய வேண்டும். அவருடைய கருவிகளில் அது கூடியது. அதே ஆண்டு ஏப்ரலில் பகுதிச் சூரிய கிரகணத்தின்போது ஏறிப் பார்த்திருந்தார், அளவு குறையவில்லை. ஆகவே சூரியனும் காரணமில்லை. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வந்துகொண்டிருப்பவை கதிர்கள் அல்ல, துகள்கள் என்பது பிறகு தெரிந்தது. ஏறத்தாழ 90 சதவீதம் புரோட்டான்கள், 9 சதவீதம் ஹீலியம் அணுக்கருக்கள், மீதி கனமான அணுக்கருக்களும் எலெக்ட்ரான்களும். ஜெனீவாவின் எல்.எச்.சி. முடுக்கி ஒரு புரோட்டானுக்குத் தரும் ஆற்றல் 6.8 டெரா எலெக்ட்ரான் வோல்ட். அண்டக் கதிர்களிலோ அதைப்போல் பல கோடி மடங்கு ஆற்றல் கொண்டவையும் உண்டு. ஆற்றல் ஏற ஏற எண்ணிக்கை ஒரே சீராகக் குறைந்துகொண்டே போய், சுமார் 3 பீட்டா எலெக்ட்ரான் வோல்ட்டில், அதாவது 3க்குப் பின் 15 சுழியங்கள் உள்ள இடத்தில், சட்டென்று இன்னும் வேகமாகக் குறைகிறது. 1958இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குலிகோவும் கிறிஸ்டியான்சனும் கண்ட இந்த மடிப்புக்கு 'முழங்கால்' என்று பெயர். அதுவரையாவது துகள்கள் நம் மண்டலத்துக்குள்ளேயே உருவாகின்றன என்பதே பொதுவான கருத்து. ஆகவே எந்தப் பொருளைக் குற்றவாளியாக நிறுத்தினாலும், அது புரோட்டானைப் பீட்டா எலெக்ட்ரான் வோல்ட் வரை தள்ளக்கூடியதா என்று கேட்டாக வேண்டும்.

வரும் திசையைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியாது. துகள்களுக்கு மின்னூட்டம் உண்டு. விண்மீன்களுக்கிடையே உள்ள மெலிந்த காந்தப்புலம் அவற்றை வளைத்துவிடுகிறது. 1 பீட்டா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான்கூட அங்கே சுமார் ஓர் ஒளியாண்டு ஆரத்தில் சுழலும். கோடி ஆண்டுக்கு மேல் அலைந்து திரிந்து பூமிக்கு வரும் துகளின் திசை, அது பிறந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அதனால் முதலில் வந்த வாதம் திசையை வைத்து அல்ல, வரவு செலவை வைத்து. வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் 1934இலேயே சூப்பர்நோவாக்களை அண்டக் கதிர்களோடு இணைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தவை வேறு மண்டலங்களின் சூப்பர்நோவாக்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் மண்டலத்துக்கான கணக்கைப் பின்னாளில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர்கள் சோவியத் இயற்பியலாளர்கள் கின்ஸ்பர்கும் சிரோவாட்ஸ்கியும். அண்டக் கதிர்கள் மண்டலத்தை விட்டுக் கசிந்துகொண்டே இருக்கின்றன. அந்த இழப்பை ஈடுகட்ட நொடிக்கு ஏறத்தாழ 10இன் 34ஆம் அடுக்கு ஜூல் ஆற்றல் தேவை. ஒரு சூப்பர்நோவா வெளியே வீசும் பொருளின் இயக்க ஆற்றல் சுமார் 10இன் 44ஆம் அடுக்கு ஜூல். நூறாண்டுக்கு இரண்டு மூன்று வெடிப்பு என்று வைத்தால், அந்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு துகள்களுக்குப் போனாலே கணக்கு நேராகிவிடும். வேறு எதிலும் கணக்கு இவ்வளவு லாகவமாகப் பொருந்தவில்லை. இந்தப் பத்து சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது அளந்து பெற்ற எண் அல்ல, தேவையிலிருந்து பின்னோக்கி வந்த எண்.

ஆற்றல் இருந்தால் போதாது, அதைத் துகளுக்குக் கொடுக்க வழி வேண்டும். 1949இல் என்ரிக்கோ ஃபெர்மி, நகரும் காந்த மேகங்களில் மோதி மோதித் துகள்கள் வேகம் பெறுகின்றன என்றார். ஆனால் அந்த வழி மிக மந்தமானது. 1977, 78ஆம் ஆண்டுகளில் கிரிம்ஸ்கி, பெல் உள்ளிட்ட சிலர் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்தார்கள். வெடித்த விண்மீனின் பொருள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் விரியும்போது அதன் முன் ஓர் அதிர்ச்சி அலை ஓடுகிறது. அலையின் இருபுறமும் கலங்கிய காந்தப்புலம் துகளைத் திருப்பித் திருப்பி அனுப்ப, ஒவ்வொரு முறை அலையைக் கடந்து திரும்பும்போதும் துகளின் ஆற்றல் ஒரு குறிப்பிட்ட விகிதம் கூடுகிறது. வட்டிக்கு வட்டி போலத்தான். ஒவ்வொரு சுற்றிலும் சில துகள்கள் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும், தங்கியவை பெருகும். பெருகும் விகிதத்தையும் வெளியேறும் விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆற்றல் பத்து மடங்கு கூடும்போது எண்ணிக்கை ஒரு நிலையான மடங்கில் குறையும் அடுக்கு விதி தானாகவே வந்து நிற்கிறது. பூமியில் அளக்கப்படும் நிறமாலையின் வடிவமும் அதுதான், வழியில் ஏற்படும் கசிவைக் கழித்த பிறகு.

இனி நேரடிச் சான்று. 1995இல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள், கி.பி. 1006இல் வெடித்த சூப்பர்நோவாவின் எச்சத்தில் ஒருவகை எக்ஸ் கதிர்களைக் கண்டது. 100 டெரா எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்றால்தான் அது வரும். பெரிய வெற்றிதான். ஆனால் அண்டக் கதிர்களில் எலெக்ட்ரான்களின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதமே. புரோட்டான் எடை மிகுந்தது. காந்தப்புலத்தில் அநேகமாக ஒளிர்வதில்லை. அது தன்னைக் காட்டிக்கொள்ள இன்னொரு புரோட்டானோடு மோத வேண்டும். மோதினால் பையான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் பிறக்கும். மின்னூட்டமற்ற பையான் நொடியின் மிகச் சிறு துணுக்குக்குள் சிதைந்து இரண்டு காமா ஃபோட்டான்களாகும். அவற்றுக்கு மின்னூட்டம் இல்லாததால் நேர்க்கோட்டில் வரும். பிறந்த இடத்தைச் சொல்லும்.

சிக்கல் என்னவென்றால், எலெக்ட்ரான்களாலும் காமாக் கதிர்களை உண்டாக்க முடியும். வெளியெங்கும் நிறைந்த பெருவெடிப்பு எச்ச ஒளியின் ஃபோட்டானை வேகமான எலெக்ட்ரான் ஒன்று மோதி, காமா ஆற்றலுக்கு ஏற்றிவிடும். நமக்கு வந்து சேர்வது இரண்டிலும் ஒரே காமாக் கதிர்தான். யாருடையது என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி எவ்வளவு கடினம் என்பதை ஆர்.எக்ஸ். ஜே1713 என்ற எச்சம் காட்டியது. விருச்சிகத்தில், 3,000 ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் உள்ளது, கி.பி. 393இல் சீனர்கள் பதிவு செய்த 'விருந்தாளி விண்மீன்' அதுவாக இருக்கலாம். 2004இல் நமீபியாவின் எச்.இ.எஸ்.எஸ். தொலைநோக்கிகள் அதன் ஓடு போன்ற வடிவத்தை டெரா எலெக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர்களில் படமாகவே எடுத்தன. அந்த ஆற்றலில் ஒரு சூப்பர்நோவா எச்சத்தின் வடிவம் தெரிந்தது அதுவே முதல் முறை. தரையிலிருந்து பார்க்கும் முறையும் விந்தையானது: காமா ஃபோட்டான் காற்றில் மோதிப் பொழியும் துகள் மழை, சில நானோ நொடிகள் மட்டும் நீடிக்கும் நீலச் செரன்கோவ் ஒளியை எழுப்புகிறது, தொலைநோக்கி பிடிப்பது அந்த மினுக்கத்தைத்தான்.

படம் கிடைத்ததும் ஒரு சாரார் புரோட்டான் என்றார்கள், மறுசாரார் எலெக்ட்ரான் என்றார்கள். 2011இல் ஃபெர்மி தொலைநோக்கி குறைந்த ஆற்றல் பகுதியை அளந்தபோது நிறமாலையின் சாய்வு எலெக்ட்ரான் கட்சிக்குச் சாதகமாக இருந்தது. வாயு சூடாகி வெளிவிட வேண்டிய எக்ஸ் கதிர்களும் அங்கே காணப்படவில்லை. மோதுவதற்கு வாயுவே போதாதென்றால் புரோட்டான்கள் எப்படி ஒளிரும்? ஆனால் ஜப்பானிய வானொலி வானியலாளர்கள் விடவில்லை. வாயு பரவலாக இல்லை, அடர்ந்த கட்டிகளாக இருக்கிறது. அதிர்ச்சி அலை அவற்றுக்குள் நுழைய முடியாததால் அவை சூடாகவில்லை. உயர் ஆற்றல் புரோட்டான்களோ உள்ளே புகுந்துவிடும், ஆற்றல் குறைந்தவற்றால் முடியாது. இப்படிப் பார்த்தால் புரோட்டான்களும் அதே சாய்வைத் தரும். 2021இல் அவர்களில் ஃபுகுயி குழுவினர் வாயுவின் பரவலையும் எக்ஸ் கதிர்களின் பரவலையும் காமாப் படத்தோடு பொருத்தி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புரோட்டான்களுடையது என்றார்கள். எனக்கு இந்த விவாதத்தில் பிடித்தது, ஒரே தரவு இரு கட்சிக்கும் வழக்காடத் தந்த இடம்தான். நிறமாலையின் சாய்வு மட்டும் சாட்சியாகாது.

2013இன் வளைவுக்கு மதிப்பு வந்தது இங்கேதான். அசையாமல் நிற்கும் பையான் சிதைந்தால் இரண்டு ஃபோட்டான்களுக்கும் ஆளுக்கு 67.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட். பையானின் நிறையில் சரி பாதி. பையான் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றுக்குக் கூடும், மற்றதற்குக் குறையும். ஆனால் எந்த வேகத்தில் ஓடினாலும், வாய்ப்புள்ள ஆற்றல் வரம்புக்குள் 67.5 கட்டாயம் அடங்கும். மெதுவானதும் வேகமானதுமான எல்லாப் பையான்களையும் அடுக்கினால் 67.5இல் ஒரு மேடு எழுந்து, இருபுறமும் சமச்சீராகச் சரியும். எலெக்ட்ரான்களின் காமாக் கதிரில் இப்படியொரு குறிப்பிட்ட ஆற்றலில் மேடு எழ எந்தக் காரணமும் இல்லை. ஃபோட்டான் எண்ணிக்கையை ஆற்றல் வரவாக மாற்றி வரையும்போது அந்த மேட்டின் கீழ்ப்பக்கம் 200 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே செங்குத்துச் சரிவாகத் தெரிகிறது.

அளப்பது எளிதாக இருக்கவில்லை. 100 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில் ஃபெர்மியின் பார்வை பல பாகை அளவுக்கு மங்கல். டபிள்யூ 44இன் அகலமோ அரைப் பாகைதான், அதுவும் மண்டலத் தளத்தின் பொதுவான காமா ஒளிக்கு நடுவே. இத்தாலியின் அஜிலே செயற்கைக்கோள் 2011இலேயே டபிள்யூ 44இல் இந்தச் சரிவைக் கண்டதாக அறிவித்தது. ஃபெர்மி குழு 60 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை இறங்கி, இரண்டு எச்சங்களிலும் அதை உறுதிப்படுத்தியது. இரண்டும் மூலக்கூறு மேகங்களோடு மோதிக்கொண்டிருப்பவை. அடர்ந்த வாயு பக்கத்தில் இருந்ததால் மோதல் மிகுதி, ஒளியும் மிகுதி.

அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை இருந்தது. மேகத்தில் முட்டிக்கொண்ட எச்சம் வயதானது. டபிள்யூ 44க்கு வயது சுமார் 20,000 ஆண்டு. மேகத்துக்குள் அதன் அதிர்ச்சி அலை தளர்ந்துவிட்டது. புரோட்டான் நிறமாலை டபிள்யூ 44இல் வெறும் 22 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டிலும், ஐசி 443இல் சுமார் 240லும் ஒடிந்து கீழே சாய்கிறது. முழங்கால் இருப்பது டபிள்யூ 44இன் ஒடிவுக்கு ஒரு லட்சம் மடங்குக்கும் மேலே. இதைவிட அசௌகரியமான இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் புரோட்டான்கள் இந்த எச்சம் புதிதாக முடுக்கியவைதாமா? 1982இல் பிளாண்ட்ஃபோர்டும் கௌவியும் முன்வைத்த கருத்துப்படி, மேகத்தில் ஏற்கெனவே திரிந்துகொண்டிருந்த பழைய அண்டக் கதிர்களை அலை நசுக்கி அடர்த்தியாக்கினாலே இவ்வளவு ஒளி வந்துவிடும். டபிள்யூ 44க்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. அப்படியானால் பிறப்பிடம் என்று நாம் கொண்டாடியது, வேறெங்கோ பிறந்தவை தங்கிப் போன இடமாகவும் இருக்கலாம்.

சரி, இளம் எச்சங்கள்? அதிவேக அலை அங்கேதான். கசியோப்பியா ஏ எச்சம் வெடித்து ஏறத்தாழ 340 ஆண்டுதான் ஆகிறது. அலை இன்னும் நொடிக்கு 5,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 2017இல் மாஜிக் தொலைநோக்கிகள் அதன் காமா நிறமாலையை அளந்தபோது, 3.5 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டில் அது அணைந்துவிட்டது. புரோட்டான் தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத்தான் காமாவாகக் கொடுக்கும் என்பதால், அங்குள்ள புரோட்டான்கள் சில பத்து டெரா எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டவில்லை என்று பொருள். கோட்பாட்டாளர்களுக்கு இது முழு அதிர்ச்சி அல்ல. சாதாரணக் காந்தப்புலத்தில் ஓர் எச்சம் 100 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டை எட்டுவதே கடினம் என்று லகாஜும் செசார்ஸ்கியும் 1983இலேயே கணக்கிட்டிருந்தார்கள். தப்பியோடும் துகள்களின் மின்னோட்டமே காந்தப்புலத்தைப் பெருக்கிவிடும் என்று 2004இல் பெல் காட்டியது நம்பிக்கை தந்தது. சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ் கதிர்ப் படங்களில் தெரியும் மெல்லிய இழைகள், புலம் உண்மையிலேயே பெருகியிருப்பதைக் காட்டின. இருந்தும் பீட்டா எலெக்ட்ரான் வோல்ட் வரவில்லை.

பிறகு சீனாவின் லாசோ வந்தது. சிச்சுவானில் 4,410 மீட்டர் உயரத்தில், துகள் மழையையே தரையில் பிடிக்கும் கருவித் திடல். 2021இல் அது 100 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஒளிரும் 12 இடங்களை அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் அருகே பல்சார்கள், அதாவது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள், இருந்தன. பல்சார் என்றால் எலெக்ட்ரான் சந்தேகம் உடனே வரும். நண்டு நெபுலாவிலிருந்து 1.1 பீட்டா எலெக்ட்ரான் வோல்ட் ஃபோட்டானே வந்தது, அதற்கு எலெக்ட்ரான்களே போதும். சூப்பர்நோவா எச்சங்களில் ஜி106.3+2.7 என்ற ஒன்றுக்கு மட்டும் வலுவான வழக்கு உண்டு: திபெத் ஏஎஸ் காமா ஆய்வு கண்ட உயர் ஆற்றல் ஒளி, பல்சாரைவிட்டு விலகி ஒரு மேகத்தின் மீது விழுகிறது. அதைவிடப் பெரிதாக லாசோ கண்டது சிக்னஸ் திசையில், சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவில், பல பாகை அகலமான ஒரு காமாக் குமிழி. அதிலிருந்து வந்த ஃபோட்டான்கள் 2.5 பீட்டா எலெக்ட்ரான் வோல்ட் வரை எட்டின. அப்படியானால் புரோட்டான்கள் 10ஐத் தாண்ட வேண்டும். நடுவில் இருப்பது தனியொரு எச்சம் அல்ல, சிக்னஸ் ஓபி2 என்ற பெருவிண்மீன் கூட்டம். கனமான இளம் விண்மீன்கள் வீசும் வாயுக் காற்று ஒன்றோடொன்று மோதும் இடம்.

கூட்டங்களின் பக்கம் கை காட்டும் சான்று வேறொரு வழியிலும் வந்திருக்கிறது. காமாக் கதிர்க்காரர்கள் அதை அவ்வளவாக எடுத்துப் பேசுவதில்லை. 1997இல் ஏவப்பட்ட ஏஸ் விண்கலம், வரும் அணுக்கருக்களை ஐசோடோப்பு வாரியாக எண்ணுகிறது. நிக்கல் 59 தன் எலெக்ட்ரான் ஒன்றை விழுங்கித்தான் சிதையும். வேகம் பெற்று எலெக்ட்ரான்களை இழந்துவிட்டால் அதற்குச் சாவே இல்லை. அண்டக் கதிர்களில் அது அநேகமாகக் காணப்படவில்லை. ஆகவே அணு உருவானதற்கும் முடுக்கப்பட்டதற்கும் இடையே குறைந்தது ஒரு லட்சம் ஆண்டு கழிந்திருக்க வேண்டும். ஒரு சூப்பர்நோவா தன் சொந்தக் குப்பையை முடுக்கவில்லை. 2016இல் அதே கலம் இரும்பு 60இன் 15 அணுக்கருக்களைக் கண்டதாக அறிவித்தது. அதன் அரை ஆயுள் 26 லட்சம் ஆண்டு; எனவே கழிந்த காலம் சில பத்து லட்சங்களுக்கு மேல் போகவும் முடியாது. ஒரு விண்மீன் வெடித்துச் சிதறியதை, அதே கூட்டத்தில் பின்னால் வெடித்த இன்னொன்று முடுக்கியது என்றால் இரண்டும் பொருந்தும்.

முழங்கால் வரையிலான நிறமாலையும் முன்பு நினைத்ததுபோல் ஒரே நேர்க்கோடாக இல்லை. உதகமண்டலத்தில், 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ் 3 ஆய்வுக்கூடம் இதில் முக்கியமான அளவீட்டைத் தந்திருக்கிறது. துகள் மழையில் மியுவான்களைத் தனியே எண்ணும் 560 சதுர மீட்டர் கருவி அங்கே உண்டு. மழையைத் தொடங்கியது புரோட்டானா, கனமான அணுக்கருவா என்று பிரிக்க அதுதான் வழி. 2024இல் வெளியான முடிவின்படி, புரோட்டான் நிறமாலை 166 டெரா எலெக்ட்ரான் வோல்ட் அருகே தன் சரிவைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறது. ஒரே வகை மூலம் முழங்கால் வரை சீராக ஊட்டுகிறது என்றால் நடுவழியில் இப்படித் தளர வேண்டியதில்லை. ஒன்று ஓயும் இடத்தில் இன்னொன்று கைகொடுக்கிறது என்று படிப்பதே எனக்கு இயல்பாகப்படுகிறது, வேறு விளக்கங்கள் இருந்தாலும்.

எச்சங்களின் தரப்பில் எஞ்சியிருக்கும் வலுவான வாதம் காலத்தைப் பற்றியது. உச்ச ஆற்றல் துகள்கள்தாம் முதலில் தப்பியோடும். அடர்ந்த காற்றை முன்பே ஊதித் தள்ளிய பெருவிண்மீன் வெடித்தால், அலை அந்தக் காற்றுக்குள் ஓடும் முதல் சில பத்தாண்டுகளில் மட்டும் பீட்டா எலெக்ட்ரான் வோல்ட் எட்டப்பட்டு, பிறகு ஓயலாம். நூறாண்டுக்கு இரண்டு மூன்று வெடிப்பு நிகழும் மண்டலத்தில், அந்தக் கட்டத்தில் இருக்கும் எச்சம் இன்று ஒன்றுகூட இல்லாமல் போகலாம். நம் மண்டலத்தில் நமக்குத் தெரிந்தவற்றில் மிக இளையது ஜி1.9+0.3, வயது நூறாண்டுக்குச் சற்று மேல். எச்.இ.எஸ்.எஸ். அங்கே எதையும் காணவில்லை. ஆனால் அது அடர்ந்த காற்றில்லாத வகையைச் சேர்ந்தது என்று கருதப்படுவதால் வழக்கு அதோடு தீரவில்லை.

ஆகவே இப்போது பிற மண்டலங்களில் புதிதாக வெடிப்பவற்றை உடனுக்குடன் கவனிக்கிறார்கள். 2023 மே மாதம் எம் 101 மண்டலத்தில், சுமார் 2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், எஸ்.என். 2023ஐ.எக்ஸ்.எஃப். என்ற சூப்பர்நோவா வெடித்தது. அண்மை ஆண்டுகளில் மிக அருகில் நிகழ்ந்த பெருவிண்மீன் வெடிப்புகளில் ஒன்று; சுற்றிலும் அடர்ந்த வாயு இருந்தது, புரோட்டான்கள் மோதி ஒளிர எல்லாம் தயார். ஃபெர்மி அந்தத் திசையிலிருந்து காமாக் கதிர் எதையும் பதிவு செய்யவில்லை. 2024இல் வெளியான பகுப்பாய்வு, வெடிப்பை அடுத்த நாட்களில் அலையின் ஆற்றலில் துகள்களுக்குப் போனது ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்திருக்க வாய்ப்பில்லை என்கிறது. வாயு அங்கே ஒழுங்கற்றுப் பரவியிருந்தால் இந்த வரம்பு தளரலாம்; வரவு செலவுக் கணக்கு கேட்ட பத்தில் மீதி ஒன்பது சதவீதம் பின்வரும் ஆண்டுகளில் சேரவும் கூடும்.